எதோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள், பாதிச் செய்தி உதிர்ந்துவிடும்

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் விளங்கும்படி சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உயர்தரப் பரீட்சையைக் கணிதப் பிரிவில் எழுதிவிட்டுக் கொட்டாஞ்சேனை வீட்டில் முடிவுக்காகக் காத்திருக்கிறீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அணுக்கரு இணைவு வெற்றி, குவாண்டம் கணினி, மரபணு திருத்திய நெல், ஸ்கேன் பார்க்கும் ஏஐ, புற்றுநோய்க்குத் தடுப்பூசி என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டே இருக்கிறார். இதில் எது உண்மை, எது இலங்கைக்கு வந்து சேரும், இதையெல்லாம் பார்த்து என்ன படிக்கலாம் என்பதுதான் கேள்வி.

நான் கொழும்பில் கதிர்ச்சிகிச்சையின் பௌதிகப் பக்கத்தில் வேலை செய்கிறேன். அதனால் படமெடுத்தல், புற்றுநோய் என்று வந்தால் நீட்டி முழக்குவேன், கணினிப் பக்கத்தைச் சுருக்கமாக முடித்துவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரான பதில். சித்தப்பா அனுப்புவதில் அப்பட்டமான பொய் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய எண் இருக்கும், அந்த எண்ணை எதோடு ஒப்பிட்டு எடுத்தார்கள் என்ற விஷயம் மட்டும் கைமாறிக் கைமாறி வரும்போது காணாமல் போயிருக்கும். அதைத் தேடிப் பிடித்தால் போதும், மிச்சம் தானாக விளங்கும்.

அணுக்கரு இணைவையே எடுங்கள். கலிபோர்னியாவின் லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் 2022 டிசம்பர் 5 அன்று, மிளகளவு எரிபொருள் உருண்டை இருந்த சின்னக் குழாய் ஒன்றுக்குள் 192 லேசர் கதிர்களைப் பாய்ச்சினார்கள். உள்ளே போன லேசர் சக்தி 2.05 மெகாஜூல், வெளியே வந்தது 3.15 மெகாஜூல். போட்டதைவிட அதிகம் வந்தது உண்மைதான், பல தசாப்தங்களாகக் காத்திருந்த சாதனையும்தான். சரி, இப்போது அதை வீட்டு மின்சார பில்லில் வரும் யூனிட்டுக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு யூனிட் 3.6 மெகாஜூல். ஆக வெளியே வந்தது ஒரு யூனிட் கூட இல்லை. அந்த லேசர்களை ஒரு தடவை சுடுவதற்கு மின்கம்பியில் இருந்து இழுத்ததோ 300 மெகாஜூல் அளவு, கிட்டத்தட்ட 83 யூனிட். செய்தியில் வந்த ஒப்பீடு லேசர் ஒளியோடு, கம்பியில் வந்த கரண்டோடு அல்ல. 2025 இல் அதே இயந்திரம் 8.6 மெகாஜூல் வரை ஏறியது, அதுவும் இரண்டரை யூனிட்டைத் தொடவில்லை. பௌதிகம் என்று பார்த்தால் பெரிய வெற்றி. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தை மூடிவிடலாமா என்று சித்தப்பா கேட்டால் சிரித்துவிட்டு விடுங்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது மியூவான் கதை. மியூவான் என்பது இலத்திரனைப் போலவே ஏற்றம் உள்ள, ஆனால் 207 மடங்கு கனமான துணிக்கை. காந்தப்புலத்தில் விட்டால் அதன் சுழற்சி அச்சு ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தள்ளாடும். வெற்றிடத்தில் தோன்றி மறையும் மற்றத் துணிக்கைகள் எல்லாம் அந்த வேகத்தைக் கொஞ்சம் மாற்றும், ஆகவே தள்ளாட்டத்தை மிக நுணுக்கமாக அளந்தால் நமக்குத் தெரியாத துணிக்கை ஏதாவது இருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம். இதற்காக நியூயோர்க் மாநிலத்தில் இருந்த 15 மீற்றர் அகலக் காந்த வளையம் ஒன்றை 2013 இல் படகிலும் லொறியிலும் ஏற்றிச் சிக்காகோ பக்கத்து ஃபெர்மி ஆய்வுகூடத்துக்குக் கொண்டு போனார்கள். 2021 ஏப்ரல் 7 அன்று முதல் முடிவு வந்தது. கோட்பாடு சொன்னதற்கும் அளந்ததற்கும் 4.2 சிக்மா இடைவெளி (இடைவெளி எவ்வளவு நம்பத்தக்கது என்பதன் அளவு), தற்செயலாக அப்படி வர 40,000 இல் ஒரு வாய்ப்புத்தான். இயற்கையில் புதிய விசை என்று உலகம் முழுக்கத் தலைப்பு ஓடியது.

அதே நாளில் நேச்சர் இதழில் இன்னொரு கட்டுரையும் வந்தது, அதைக் கவனித்தவர்கள் குறைவு. ஐரோப்பியக் குழு ஒன்று சுப்பர் கணினிகளில் அந்தக் கோட்பாட்டு எண்ணையே வேறு முறையில் கணக்கிட்டிருந்தது. அவர்களுக்குக் கிடைத்த விடை பரிசோதனைக்குக் கிட்டப் போய் நின்றது. பிறகு மற்றக் குழுக்களும் அந்த முறையில் கணக்குப் போட்டன, விடைகள் ஒத்துப்போயின. 2025 மே மாதம் கோட்பாட்டாளர்கள் தங்கள் அதிகாரபூர்வ எண்ணையே மாற்றினார்கள், ஜூனில் ஃபெர்மி ஆய்வுகூடம் தன் கடைசி முடிவை நூறு கோடியில் 127 பங்கு என்ற துல்லியத்தில் வெளியிட்டபோது இடைவெளி இல்லாமலே போயிருந்தது. கவனியுங்கள், அளந்தவர்கள் பிழை விடவில்லை. அவர்கள் எண் முதல் நாளில் இருந்து கடைசி நாள் வரை ஒரே இடத்தில் நின்று, மேலும் மேலும் கூர்மையாகியது. அதற்கு எதிரே வைத்திருந்த கணக்குத்தான் நகர்ந்தது. பழைய முறை ஏன் வேறு விடை தந்தது என்பது இன்னும் தீராத வழக்கு, அதில்தான் இப்போது சுவாரசியமே இருக்கிறது. ஆனால் அதற்குத் தலைப்புச் செய்தி கிடைக்காது.

கசப்பான உதாரணம் ஒன்றும் இருக்கிறது, கொழும்பில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் விடமுடியாது. ரங்க டயஸ் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்து அமெரிக்கா போனவர். 2020 இல் றொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அவர் குழு, மிகப் பெரிய அமுக்கத்தில் அறைவெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் கடத்தும் பொருளைக் கண்டுவிட்டதாக நேச்சரில் எழுதியது. இங்கே எத்தனை பேர் சந்தோஷப்பட்டோம். இரண்டு வைர முனைகளுக்கு நடுவே நசுங்கிக் கிடக்கும் மாதிரி, தலைமுடி அகலம் கூட வராது. அதில் இருந்து வரும் காந்தச் சைகை சுற்றியுள்ள உலோகத்தின் சைகைக்குள் மூழ்கிப் போகும், எனவே பின்னணியைக் கழித்துத்தான் வரைபு போடவேண்டும். எதைக் கழித்தார்கள் என்பதில்தான் பிரச்சினை வந்தது. கழித்த முறை வழக்கமானதல்ல, கட்டுரையில் விளக்கப்படவும் இல்லை என்று சொல்லி 2022 இல் நேச்சர் அதை மீளப்பெற்றது. 2023 மார்ச்சில் வெளியான அடுத்த கட்டுரையை மீளப்பெறும்படி 11 ஆசிரியர்களில் 8 பேரே கேட்டார்கள், நவம்பரில் அதுவும் போயிற்று. பல்கலைக்கழகம் நியமித்த வெளி விஞ்ஞானிகள் விசாரித்து ஆய்வு முறைகேடு நடந்ததென்று முடிவு சொன்னார்கள், அவர் அதை மறுத்தார். மற்ற ஆய்வுகூடங்களில் அந்தப் பொருளைச் செய்து பார்த்தபோது அந்தக் குணம் வரவில்லை என்பதே எனக்குப் போதும்.

நெல்லுக்கு வருவோம், இது நம் சோற்றுத் தட்டு விஷயம். 2025 மே மாதம் இந்திய அரசு மரபணு திருத்தம் செய்த இரண்டு நெல் வகைகளை அறிவித்தது. ஐதராபாத்தில் உருவான கமலா, சம்பா மசூரி என்ற நெல்லில் ஒரு மரபணுவை மட்டும் முடக்கியது. கதிரில் மணி கூடும், விளைச்சல் 19 சதவீதம் அதிகம், இருபது நாள் அளவு முந்தி முற்றும் என்றார்கள். மற்றது உவர் நிலத்துக்கானது. இதில் வெளி உயிரின் மரபணு எதுவும் நுழைக்கப்படவில்லை, இருந்ததில் ஒரு சின்ன வெட்டு மட்டும். சரி, 19 சதவீதம் எதைவிட? தாய் வகையான சம்பா மசூரியைவிட. அது தெலுங்கு தேசத்தில் ருசிக்காகப் பயிரிடும் வகை, நம் கடையில் சம்பா என்று வாங்குவது வேறு. இலங்கை விவசாயி பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்தின் வகைகளைப் போடுகிறார். அவற்றோடு பக்கத்துப் பாத்தியில் வைத்து, பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் பார்க்காமல் அந்த 19 இங்கே என்ன ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. வயல் எப்படி விளையாடும் என்பதற்கு அமெரிக்க சோயா ஒன்று நல்ல பாடம். ஒளித்தொகுப்பைத் திருத்திய செடி முதல் வருஷம் கால் பங்கு அளவு கூடுதலாகக் காய்த்தது, அடுத்த வருஷம் பயிர் சாய்ந்து படுத்துவிட்டது, வித்தியாசமும் போய்விட்டது. எழுதியவர்களே அதைக் கட்டுரையில் ஒளிக்காமல் சொன்னார்கள், அதற்காக அவர்களைப் பிடிக்கும்.

பயிர் ஆராய்ச்சியில் ஒப்பீடு என்றால் எனக்கு ஞாபகம் வருவது ஸ்வர்ணா சப்1 என்ற நெல். ஒடிசாவின் பழைய நெல் ஒன்று இரண்டு வாரம் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தாலும் சாகாது. மற்ற நெல் மூழ்கியதும் மேலே வர அவசரப்பட்டு நீண்டு, இருந்த மாச்சத்தையெல்லாம் செலவழித்துச் செத்துப்போகும். இது வளர்ச்சியை நிறுத்தி, அடங்கிக் காத்திருக்கும். அதற்குக் காரணமான மரபணுவை 2006 இல் அடையாளம் கண்டார்கள், சாதாரணக் கலப்பு முறையிலேயே ஸ்வர்ணா என்ற பிரபல வகைக்குள் கொண்டுவந்தார்கள். ஒடிசாவில் 128 கிராமங்களில் எழுமாற்றாகத் தெரிவு செய்து விதை கொடுத்துப் பார்த்தார்கள். பத்து நாள் மூழ்கிய வயலில் விளைச்சல் ஸ்வர்ணாவைவிட 45 சதவீதம் கூடுதல். வெள்ளம் வராத வயலில் வித்தியாசம் எதுவும் இல்லை. அந்த இரண்டாவது வசனம்தான் தங்கம். நல்ல வருஷத்தில் விவசாயிக்கு நட்டம் இல்லை என்று அர்த்தம். இன்னொன்றும் தெரிந்தது: தாழ்ந்த, வெள்ளம் ஏறும் நிலம் தலித் குடும்பங்களின் கையில்தான் அதிகம் இருந்தது, ஆகவே பலனும் அவர்களுக்குத்தான் கூடுதலாகப் போயிற்று. மூழ்கினாலும் தாங்கும் குணம் நம் நாட்டுப் பழைய நெல்களிலும் இருக்கிறது, குர்கறுப்பன், கொட ஹீனட்டி என்று ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெயர் வரும். ரத்து ஹீனட்டியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், கொழும்பில் சுகாதார அரிசி என்று பக்கெற்றில் அதிக விலைக்கு விற்கிறார்கள். நெல்லின் சாற்றை உறிஞ்சும் பூச்சியான கபில நிறத் தத்தி அதை நெருங்க முடியாது. ஏன் என்று 2015 இல் சீன விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள், அருகருகே இருக்கும் மூன்று மரபணுக்களின் வேலை. இன்று ஆசியாவில் தத்தியைத் தாங்கும் நெல் செய்ய முயல்பவர்கள் அந்த இலங்கை நெல்லைத்தான் தேடிப் போகிறார்கள். புதிய ஆராய்ச்சி எல்லாம் வெளியில் இருந்துதான் வரவேண்டும் என்று நினைப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஒப்பீட்டு வயல் ஒன்று கூட வைக்காமல் 2021 இல் முழு நாட்டையும் இரசாயனப் பசளை இல்லாத பரிசோதனை வயலாக்கி, நவம்பரில் பின்வாங்கிய கதையை நான் விளக்கத் தேவையில்லை, அரிசி வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

கணினி. கூகுளின் வில்லோ என்ற குவாண்டம் சிப் 2024 டிசம்பரில் வந்தது, 105 கியூபிட். கியூபிட் என்பது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு. ஐந்து நிமிடத்தில் செய்ததைச் சுப்பர் கணினி செய்ய 1க்குப் பின்னால் 25 பூச்சியம் போட்ட அத்தனை ஆண்டுகள் எடுக்கும் என்று போட்டார்கள். அந்த வேலை என்ன? குவாண்டம் சிப்புக்கு வசதியாகத் தெரிவு செய்த, வேறு எதற்கும் உதவாத ஒரு கணக்கு. உண்மையான முன்னேற்றம் கீழே, யாரும் படிக்காத இடத்தில் இருந்தது: பிழை திருத்தும் கியூபிட் கட்டத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்கப் பிழை ஒவ்வொரு படியிலும் பாதியாகக் குறைந்தது. முன்பெல்லாம் பெரிதாக்கினால் பிழையும் கூடும். இதனால் நாளைக்கே வங்கிக் கணக்கை உடைத்துவிடுவார்களா? இப்போது இணையத்தில் தரவை மறைத்து அனுப்பப் பாவிக்கும் 2048 பிற் மறையாக்கப் பூட்டை உடைக்க இரண்டு கோடி கியூபிட் வேண்டும் என்று 2019 இல் சொன்ன அதே கூகுள் ஆராய்ச்சியாளர், 2025 இல் பத்து இலட்சத்துக்கும் குறைவாகப் போதும் என்று கணக்குக் காட்டினார். கையில் இருக்கும் கணினிகள் அதற்குக் கிட்டவும் இல்லை. ஆனாலும் புதிய பூட்டுகளுக்கான தரங்களை அமெரிக்கா 2024 ஓகஸ்டிலேயே வெளியிட்டுவிட்டது, இன்று திருடி வைத்து நாளை திறக்கலாம் என்ற பயம்தான் காரணம்.

ஏஐ பற்றி ஒன்று மட்டும். 2024 இரசாயன நோபலில் ஒரு பாதி ஆல்ஃபாஃபோல்டுக்குப் போனது, புரதம் எந்த வடிவில் மடியும் என்று எதிர்வுகூறும் மென்பொருள். மற்ற ஏஐ பெருமைகளை நான் சந்தேகத்தோடு பார்த்தாலும் இதை நம்புவதற்குக் காரணம் அதன் பரீட்சை. 1994 முதல் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை போட்டி நடக்கிறது. ஆய்வுகூடத்தில் வடிவம் கண்டுபிடித்து, ஆனால் இன்னும் வெளியிடாத புரதங்களைத்தான் கேள்வியாகக் கொடுப்பார்கள், விடையை முன்கூட்டிப் பார்க்க வழியே இல்லை. 2020 இல் அந்த மண்டபத்தில் ஜெயித்தது. 1971 முதல் எக்ஸ்ரே கொண்டு ஒவ்வொரு புரதமாக வடிவம் கண்டு பொதுக் களஞ்சியத்தில் போட்டு வைத்த ஆயிரக்கணக்கான ஆட்களின் உழைப்பில் படித்துத்தான் அது ஜெயித்தது, அவர்களுக்கு நோபல் விருந்தில் கதிரை இல்லை.

இனி என் பக்கம். படமெடுக்கும் துறையில் 2024 இல் வந்த இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரான்ஸில் 132 தொன் காந்தம் கொண்ட 11.7 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலுவின் அலகு) எம்ஆர்ஐ இயந்திரம் மனித மூளையை நான்கு நிமிடத்தில் 0.2 மில்லிமீற்றர் நுணுக்கத்தில் படமெடுத்தது. பத்திரிகைகளில் அந்தப் படம் அழகாக வந்தது. ஒரு மாதம் கழித்து ஹொங்கொங் பல்கலைக்கழகக் குழு 0.05 டெஸ்லாவில், நிரந்தரக் காந்தம் வைத்து, உடல் முழுவதையும் எடுக்கும் எம்ஆர்ஐ ஒன்றைச் சயன்ஸ் இதழில் வெளியிட்டது. வைத்தியசாலைகளில் வழக்கமாக இருக்கும் 1.5 டெஸ்லாவில் முப்பதில் ஒரு பங்கு. திரவ ஹீலியம் வேண்டாம், கவச அறை வேண்டாம், சாதாரணச் சுவர்ப் பிளக்கில் 1800 வாட்ஸ் போதும். 2022 இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டுப் பார்த்த நாட்டில் இருப்பவனுக்கு எந்தச் செய்தி பெரிதென்று நீங்களே சொல்லுங்கள். ஆனால் இதிலும் அதே கேள்வி உண்டு. பலவீனமான சைகையைப் படமாக்க ஏஐ உதவுகிறது, அந்த ஏஐ பெரிய இயந்திரங்களின் படங்களில் பயின்றது. படமெடுக்கப்பட்டவர்கள் ஆரோக்கியமான தொண்டர்கள். ஆரோக்கியமான மூட்டு எப்படி இருக்கும் என்று ஏஐக்கு ஏற்கனவே தெரியும், அழகாக வரைந்து தந்துவிடும். அதற்குத் தெரியாத ஒரு கட்டி அங்கே இருந்தால் அதைக் காட்டுமா, வழக்கமான மூட்டாக நிரவிவிடுமா? நோயாளிகளை இரண்டு இயந்திரத்திலும் போட்டு ஒப்பிடும் வரை நான் உறுதியாகப் பேசமாட்டேன். இருந்தாலும் இந்தப் பட்டியலில் இலங்கைக்கு மிக விரைவில் வரக்கூடியது எது என்றால் இந்த வகை இயந்திரத்தைத்தான் காட்டுவேன்.

அப்புறம், சித்தப்பா அனுப்பாமல் விட்டிருக்க முடியாத எலித்தோல் செய்தி. ஸ்டான்ஃபோர்ட் குழு 2024 செப்டம்பரில், இனிப்பு, மிக்சர், கேக் எல்லாவற்றிலும் போடும் டார்ட்ரசீன் என்ற மஞ்சள் நிறத்தைக் கரைத்து எலியின் தோலில் பூசி, வயிற்றுக்குள் குடல் அசைவதை வெளியில் இருந்தே பார்த்தது. மந்திரம் இல்லை. தோல் ஒளிபுகாமல் இருப்பது நீரும் கொழுப்பும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால், ஒளி சிதறிப் போகிறது. வடை சுற்றிய பேப்பரில் எண்ணெய் பட்ட இடம் மறுபக்கம் தெரிகிற மாதிரி ஆகிறதே, அதே விஷயம்தான்: இடைவெளியை நிரப்பியது நாருக்குக் கிட்டத்தட்ட அதே அளவு ஒளியை வளைத்தால் சிதறல் நின்றுவிடும். நீலத்தை நன்றாக உறிஞ்சும் சாயம் சிவப்பு ஒளிக்கு நீரின் முறிவுச் சுட்டியை உயர்த்தும் என்பது நூறு வருஷப் பழைய பௌதிகம், அதைத் தோலில் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கழுவினால் பழையபடி ஆகிவிடும். மனிதத் தோல் எலித்தோலைவிடப் பலமடங்கு தடிப்பு, அதனால் வீட்டில் கேசரிப்பொடி பூசிப் பார்க்கவேண்டாம்.

மார்பக எக்ஸ்ரே பார்க்கும் ஏஐ பற்றிச் சுவீடனில் நடந்த மாசாய் ஆய்வு ஒழுங்கான ஆய்வு, ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள், எழுமாற்றாகப் பிரித்தது. ஏஐ பக்கம் 29 சதவீதம் கூடுதல் புற்றுநோய் பிடிபட்டது, டொக்டர்மார் வாசிக்கவேண்டிய சுமை 44 சதவீதம் குறைந்தது. எதோடு ஒப்பிட்டு? ஒவ்வொரு படத்தையும் இரண்டு கதிரியக்க நிபுணர்கள் வாசிக்கும் ஏற்பாட்டோடு. சுவீடனில் குறிப்பிட்ட வயதுப் பெண்கள் எல்லோருக்கும் ஒழுங்காக அழைப்பு வரும். நமக்கு அப்படி எக்ஸ்ரேத் திட்டமே இல்லை, பெண்களுக்கான சுவநாரி கிளினிக்கில் கையால் பரிசோதிப்பதுதான் 1996 முதல் நடக்கிறது. இல்லாத சுமையை 44 சதவீதம் குறைக்க முடியாது. கட்டி இருக்கிறது என்று தெரிந்தும் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு வருவதற்கு மாதக்கணக்கில் பிந்துகிறார்களே, அதைக் குறைக்கும் ஏதாவது வந்தால் எனக்கு அனுப்புங்கள்.

புற்றுநோயில் என் சொந்தத் தொழிலுக்குக் கிட்ட உள்ளது ஃபிளாஷ் கதிர்ச்சிகிச்சை. வழக்கமாக ஒரு தடவைக்குரிய கதிரை நிமிடக் கணக்கில் கொடுப்போம். 2014 இல் பாரிஸ் கியூரி நிறுவனத்தில், வினாடிக்கு 40 கிறேக்கு (கிறே என்பது உடல் உறிஞ்சும் கதிரின் அலகு) மேற்பட்ட வேகத்தில், கண் இமைக்கும் நேரத்துக்குள் முழு அளவையும் எலிகளுக்குக் கொடுத்தார்கள். கட்டி வழக்கம்போல அழிந்தது, பக்கத்து நல்ல நுரையீரலுக்குச் சேதம் குறைந்தது. அதே அளவு, வேகம் மட்டும் வேறு. 2018 இல் சுவிற்சர்லாந்தின் லோசானில் முதல் நோயாளிக்குத் தோல் கட்டி ஒன்றில் 15 கிறேயை 90 மில்லிவினாடியில் கொடுத்தார்கள், நன்றாக ஆறியது. பிறகு அமெரிக்காவில் எலும்புக்குப் பரவிய நோயில் 10 பேருக்குப் புரோத்தன் கொண்டு செய்தார்கள், வலி குறைந்தது, வழக்கமான சிகிச்சையில் குறையும் அளவுக்கு. அந்த 10 பேர் ஆய்வைக் காட்டிப் பக்கவிளைவு இல்லாத கதிர் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது காட்டியது, இதை வைத்தியசாலை ஒன்றில் ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதை மட்டும்தான். நல்ல இழையம் மனிதரில் தப்புகிறதா என்று அறிய, ஒரே மாதிரி நோயாளிகளை இரண்டாகப் பிரித்துச் சில வருஷம் பின்தொடரவேண்டும், ஏனென்றால் கதிரின் தாமதச் சேதம் தெரிய அவ்வளவு காலம் எடுக்கும். ஏன் அப்படி நடக்கிறது என்பதும் தெளிவில்லை. ஒட்சிசன் ஒரு கணத்தில் தீர்ந்துவிடுகிறது என்ற விளக்கம் முதலில் அழகாக இருந்தது, அளந்து பார்த்தபோது அது மட்டும் போதவில்லை.

எங்கள் ஆட்களுக்கு வேறொரு தலையிடி. நாங்கள் கதிரை அளக்கும் அயனாக்க அறை அந்த வேகத்தில் திணறிப்போகும், உருவான அயன்களைச் சேகரிக்கும் முன்பே அவை மறுபடி ஒன்றோடொன்று சேர்ந்துவிடும், காட்டும் எண் குறைவாக இருக்கும். குறைவாகக் காட்டுகிறதே என்று கூட்டிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். புதிய அளவைக் கருவிகள் வந்துகொண்டிருக்கின்றன, அந்த வேலை செய்திக்கு வராது, அது இல்லாமல் ஃபிளாஷும் வராது. ஆழமும் ஒரு பிரச்சினை: லோசானில் பாவித்த இலத்திரன் ஓரிரு சென்ரிமீற்றருக்கு மேல் போகாது. உள்ளே இருக்கும் கட்டிக்குப் புரோத்தன் வேண்டும், இலங்கையில் அது இல்லை, அல்லது 100 மெகா இலத்திரன்வோல்ற்றுக்கு மேற்பட்ட இலத்திரன் வேண்டும். ஜெனீவாவின் சேர்ன் கூடம் துணிக்கை மோதலுக்காக உருவாக்கிய வேகமூட்டித் தொழில்நுட்பத்தைச் சுருக்கி லோசான் வைத்தியசாலையோடு சேர்ந்து அப்படியொரு இயந்திரம் செய்ய முயல்கிறது.

தடுப்பூசி. நியூயோர்க் வைத்தியசாலை ஒன்றில் கணையப் புற்றுநோயை வெட்டி எடுத்த 16 பேருக்கு, அவரவர் கட்டியின் மாற்றங்களைப் படித்து அவரவருக்கென்றே எம்ஆர்என்ஏ ஊசி செய்தார்கள். கட்டி மாதிரி ஜேர்மனியின் மைன்ஸ் நகருக்குப் பறந்து, ஒருவருக்கு 20 இலக்கு வரை குறித்த ஊசியாகத் திரும்பி வந்தது. இது நோய் வராமல் தடுக்கும் ஊசி இல்லை, வந்த நோய் திரும்பாமல் இருக்கச் செய்யும் முயற்சி. 8 பேரின் எதிர்ப்பாற்றல் விழித்துக்கொண்டது, 8 பேருக்கு இல்லை. மூன்று வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்து 2025 இல் எழுதினார்கள்: விழித்த 8 பேரில் 6 பேருக்கு நோய் திரும்பவில்லை, மற்ற 8 பேரில் 7 பேருக்குத் திரும்பியது. கணையப் புற்றுநோயைத் தெரிந்தவர்களுக்கு இந்த எண் மயிர்க்கூச்செறிய வைக்கும். ஆனால் ஒப்பிட்டது யாரை யாரோடு? ஊசி போட்டவர்களைப் போடாதவர்களோடு அல்ல. போட்டவர்களுக்குள்ளேயே உடல் ஏற்றுக்கொண்டவர்களை ஏற்றுக்கொள்ளாதவர்களோடு. முதலிலேயே வலுவான உடல்வாகு உள்ளவர்கள் ஊசியையும் ஏற்றுக்கொண்டு, நோயையும் தாங்கினார்கள் என்று ஆகலாம் அல்லவா? அவர்களும் இதை யோசித்தார்கள். அதே காலத்தில் எல்லோரும் கொவிட் எம்ஆர்என்ஏ ஊசியும் போட்டிருந்தார்கள், அதற்கு இரு பக்கத்தாரும் ஒரே மாதிரி எதிர்ப்பாற்றல் காட்டினார்கள். சந்தேகத்தைத் தீர்க்காவிட்டாலும் நன்றாகக் குறைக்கிறது, இப்படி யோசிப்பவர்களைப் பார்த்தால் மரியாதை வரும். இப்போது எழுமாற்றாகப் பிரித்த பெரிய ஆய்வு நடக்கிறது, தீர்ப்பு அங்கே.

ஒப்பீட்டுக் குழுவே வேண்டாத அளவுக்கு முடிவு தெளிவாக இருப்பதும் உண்டு. அதே வைத்தியசாலையில் 2022 இல் மலக்குடல் புற்றுநோய் உள்ள 12 பேருக்கு டொஸ்டார்லிமாப் என்ற மருந்தை மட்டும் கொடுத்தார்கள், 12 பேரிலும் கட்டி மறைந்தது, 2025 இல் 49 பேரில் 49. மலக்குடல் புற்றுநோயில் சத்திரசிகிச்சை இல்லாமல் ஒரு மருந்தை மட்டும் கொடுத்து எல்லோரிலும் கட்டி மறைவது வழக்கமில்லை, எழுமாற்று எல்லாம் தேவையில்லை. ஆனால் டிஎன்ஏ பிழை திருத்தும் பொறிமுறை கெட்டுப்போன வகைக்கு மட்டும்தான் இது, மலக்குடல் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர். விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

இலங்கைக்கு வந்து சேருமா என்ற கேள்விக்கு, ஏற்கனவே வந்து சேர்ந்த ஒன்றை யாரும் பகிர்வதில்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசி 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையில் இலவசமாகப் போடுகிறார்கள். சுவீடனில் 17 வயதுக்கு முன் போட்டவர்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் 88 சதவீதம் குறைவு, ஸ்கொட்லாந்தில் 12, 13 வயதில் போட்ட பெண்களில் 2024 அறிக்கை வரை ஒருவருக்குக் கூட வரவில்லை. உங்கள் வீட்டில் அந்த வயதில் தங்கச்சி இருந்தால் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். இங்கே ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய், காரணம் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும். பாக்கு தனியாகவே புற்றுநோய் தரும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இலேயே புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பட்டியலில் போட்டுவிட்டது. இதற்கு லேசரும் வேண்டாம் குவாண்டமும் வேண்டாம், சித்தப்பா வெற்றிலை போடுகிறவர் என்றால் வாயில் வெள்ளையாக ஏதாவது படர்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

என்ன படிப்பது? கணிதப் பிரிவு என்றபடியால் சொல்கிறேன், மேலே சொன்ன எல்லாவற்றிலும் உள்ளே போய்ப் பார்த்தால் நடப்பது புள்ளிவிபரவியல், சைகை முறைவழியாக்கம், கொஞ்சம் பௌதிகம். பௌதிகமும் புள்ளிவிபரவியலும் சேர்ந்த பாடச் சேர்க்கை கிடைத்தால் விடவேண்டாம், கணினி நிரல் எழுதுவதை வகுப்புக்காகக் காத்திராமல் இப்போதே தொடங்கலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அணுவிஞ்ஞானத்துக்கென்று தனித் துறை இருக்கிறது, பேராதனையில் மருத்துவப் பௌதிகத்தில் முதுமாணிப் படிப்பு இருக்கிறது, எங்கள் துறையில் ஆட்கள் போதாது. நெல்லில் ஆர்வம் வந்தால் அதுவும் நல்லதுதான், மரபணுத் தரவைப் படிக்கத் தெரிந்த கணிதக்காரரை அங்கே கைநீட்டி எடுப்பார்கள், உயிரியல் படிக்கவில்லையே என்று தயங்காதீர்கள். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி வந்ததும் எழுதுங்கள், எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தச் சேர்க்கை என்று அப்போது விபரமாகப் பார்ப்போம்.